சேம அச்சும் செப்பமான சக்கரமும்

நுழையும்முன்

சாலையோரக் கல்லில் சக்கரம் இடித்த பின்னும் மகிழுந்து ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓடுகிறது என்பதாலேயே அது நலமாக இருக்கிறது என்று முடிவுசெய்துவிடலாமா? கண்ணால் பார்த்தும், கையால் தொட்டும், காதால் கேட்டும், கருவியால் அளந்தும் உண்மையைத் தெளியும் முறை ஒன்று உண்டு. கொங்கு நாட்டுப் பணிமனைகளில் நாள்தோறும் நடைபெறும் அம்முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

சத்தி சாலையில் ஒரு மாலை

கோயம்புத்தூர் மாநகரின் வடபகுதியில் அமைந்துள்ளது சரவணம்பட்டி. சத்தியமங்கலம் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூரின் நடுவே செல்கிறது. மக்கள் அதனைச் ‘சத்தி ரோடு’ என்றே வழங்குவர். ஒருகாலத்தில் தோட்டங்காடுகள் சூழ்ந்திருந்த இவ்வூர், இன்று தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் கல்லூரிகளும் அடுக்ககங்களும் நிறைந்த பகுதியாக வளர்ந்துள்ளது. அலுவலகம் முடியும் வேளையில் சாலை முழுவதும் வண்டிகள் நெருங்கி ஊர்கின்றன.

அங்கு நிகழக்கூடிய ஒரு காட்சியை எண்ணிப் பார்ப்போம். ஐப்பசி மாத மாலை. மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. சாலையின் ஓரத்தில் நீர் தேங்கி, ஓரக்கல்லின் அடிப்பகுதியை மறைத்திருக்கிறது. இருசக்கர வண்டி ஒன்று திடீரெனக் குறுக்கே வர, மகிழுந்தை ஓட்டுபவர் இடப்பக்கம் ஒடிக்கிறார். ‘டமார்’ என்னும் ஓசையுடன் முன்பக்க இடச்சக்கரம் ஓரக்கல்லில் மோதி, ஏறி, இறங்குகிறது. வண்டி நிற்கவில்லை, எவருக்கும் காயமும் இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் சக்கரத்தின் விளிம்பில் ஒரு கீறல் மட்டுமே தெரிகிறது. “வண்டி ஓடுதுங்களே, அப்புறம் என்னங்க?” என்ற சொல்லுடன் அந்நிகழ்வு மறக்கப்படுகிறது.

மறுநாள் காலையில் அதே வண்டியில் குடும்பத்தினர் ஐவர் மைசூருக்குப் புறப்படுகின்றனர். அதே சத்தி சாலைதான் அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம், பண்ணாரி ஆகிய ஊர்களைக் கடந்து திம்பம் மலைப்பாதையில் ஏறுகிறது. அம்மலைப்பாதையில் 27 கொண்டைஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் வண்டியின் பாரம் ஒரு பக்கச் சக்கரங்களின்மேல் மிகுதியாகச் சாய்கிறது. சமதளத்தில் தன்னை வெளிக்காட்டாத ஊறு, அங்கே வெளிப்பட்டால் விளைவு என்னவாகும்? சரவணம்பட்டியில் பத்து நிமிடம் செலவிட்டுப் பார்த்திருக்க வேண்டியதைத் திம்பத்தின் வளைவில் பார்க்க நேரிடலாம். ஓரக்கல்லில் இடித்த வண்டியை ஏன் ஆய்ந்து பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுவதில்லை.

வேகமும் தாக்கமும்

ஓரக்கல் என்பது சாலையின் எல்லையைக் காட்டவும், நீரை வடிகாலுக்குத் திருப்பவும், வண்டிகள் நடைபாதையில் ஏறாமல் தடுக்கவும் அமைக்கப்படுவது. இந்தியச் சாலை வடிவமைப்பில் இது பல வகைப்படும். வண்டி எளிதில் ஏறத்தக்க தாழ்ந்த ஓரக்கல் ஏறத்தாழ 10 செ.மீ. உயரமும், ஓரளவு தடுக்கும் ஓரக்கல் 15 செ.மீ. உயரமும், முற்றிலும் தடுக்கும் ஓரக்கல் 20 செ.மீ. உயரமும் கொண்டிருக்கும்.

இனி மகிழுந்தின் டயரை நோக்குவோம். அதன் பக்கவாட்டில் 185/65 ஆர் 15 என்பது போன்ற குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். 185 என்பது டயரின் அகலம். அது மில்லிமீட்டரில் தரப்படுகிறது. 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் காட்டுகிறது. 15 என்பது சக்கரத்தின் உட்புற உலோக வட்டத்தின் விட்டம். அஃது அங்குலத்தில் அமைந்தது. இக்கணக்கின்படி அந்த டயரின் பக்கச்சுவர் உயரம் ஏறத்தாழ 12 செ.மீ. ஆகும். அதாவது, கல்லுக்கும் உலோகத்துக்கும் இடையே காற்றும் இரப்பரும் தரும் மெத்தை அவ்வளவே. ஓரக்கல்லின் உயரமோ அதனினும் மிகுதியாக இருக்கக்கூடும். தோற்றப் பொலிவுக்காகப் பெரிய உலோக வட்டமும் மெலிந்த டயரும் பொருத்திய வண்டிகளில் இம்மெத்தை இன்னும் குறைவு. 205/45 ஆர் 17 என்னும் அளவுள்ள டயரில் பக்கச்சுவர் 9 செ.மீ. அளவே இருக்கும்.

வேகத்தின் பங்கு இன்னும் பெரிது. ஓடும் பொருளின் இயக்க ஆற்றல் அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும் என்பது இயற்பியல் விதி. 1,000 கிலோகிராம் நிறையுள்ள வண்டி மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் 12,500 ஜூல். வேகம் 36 கி.மீ. ஆகும்போது ஆற்றல் 50,000 ஜூல். வேகம் இரண்டு மடங்காயிற்று. ஆற்றலோ நான்கு மடங்காயிற்று. எனவே, “கொஞ்சம் வேகமாகத்தான் வந்தேன்” என்று ஓட்டுபவர் கருதும் அந்தக் ‘கொஞ்சம்’, சக்கரத்துக்குக் கொஞ்சமன்று.

மோதிய கோணமும் கருதத்தக்கது. சக்கரம் கல்லை நேராக இடித்தால், டயர் நசுங்கி உலோக விளிம்பு வளைவதும் சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படுவதும் நிகழும். பக்கவாட்டில் உரசி இடித்தால், சக்கரத்தைத் திருப்பும் தண்டும் அதனைத் தாங்கும் கையும் வளைய வாய்ப்பு மிகுதி. ஆகவே, எவ்வளவு வேகம், எந்தச் சக்கரம், எந்தக் கோணம் என்ற மூன்று செய்திகளையும் ஓட்டுநர் நினைவிற்கொண்டு பணிமனையில் கூறுதல் வேண்டும். நோயாளி மருத்துவரிடம் உண்மையைச் சொல்வது போன்றதே இதுவும்.

சக்கரத்தின் பின்னே இருப்பவை

மாட்டுவண்டியின் சக்கரத்தில் குடம், ஆரக்கால், வட்டை, இரும்புப்பட்டை ஆகியன இருந்தன. குடத்தின் நடுவே அச்சு செல்லும். அச்சின் முனையில் கடையாணி பூட்டப்படும். வண்டியின் உடல் அச்சின்மேல் நேராக அமர்ந்திருந்ததால், வழியிலுள்ள ஒவ்வொரு கல்லின் அதிர்வும் ஏறியிருப்பவரின் உடலுக்கு வந்து சேர்ந்தது.

மகிழுந்தில் அந்நிலை மாறியது. 1888ஆம் ஆண்டில் ஜான் பாய்டு டன்லப் என்பவர் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் காற்றடைத்த டயரை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அது முதலாம் மெத்தை ஆயிற்று. சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே அமைந்த தாங்கல் அமைப்பு இரண்டாம் மெத்தை. பணிமனைகளில் ‘சஸ்பென்ஷன்’ என்று இதனைக் குறிப்பிடுவர்.

இன்றைய சிறு மகிழுந்துகள் பலவற்றின் முன்பக்கத்தில் ‘மெக்பர்சன் ஸ்டிரட்’ என்னும் அமைப்பு உள்ளது. அதில் சுருள்வில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அதனுள் அமைந்த ‘ஷாக் அப்சார்பர்’ சுருள்வில்லின் துள்ளலை அடக்கும். கீழே ‘லோயர் ஆர்ம்’ எனப்படும் தாங்குகை, சக்கரத்தைத் தன் இடத்தில் நிறுத்தும். தாங்குகையின் முனையில் உள்ள ‘பால் ஜாயிண்ட்’ என்னும் பந்துமூட்டு, நம் தோள்மூட்டுப் போலப் பல திசைகளில் அசைந்து கொடுக்கும். ஸ்டியரிங்கின் ஆணையைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்ப்பது ‘டை ராட்’ என்னும் இணைதண்டு. சக்கரம் தடையின்றிச் சுழல உதவுவது ‘பேரிங்’ என்னும் தாங்குருளை.

இவற்றுள் பந்துமூட்டு கைப்பிடிக்குள் அடங்கும் அளவுடையது. உருவில் சிறியதாயினும் பெரிய தேரின் ஓட்டத்துக்கு அச்சாணி இன்றியமையாதது என்பதை வள்ளுவர் ‘வினைத்திட்பம்’ அதிகாரத்தில் உவமையாக்கினார். அவ்வுவமையின் பொருளை இன்றைய பந்துமூட்டிலும் காணலாம். அது கழன்றால் சக்கரம் ஓட்டுநரின் ஆணைக்குக் கட்டுப்படாது.

முதல் நிலை: நின்று பார்த்தல்

இடித்தவுடன் செய்யவேண்டியது பதற்றமின்றி வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே. நான்கு விளக்குகளும் ஒருங்கே ஒளிரும் எச்சரிக்கை விளக்கை இட்டு, பின்வரும் வண்டிகளைக் கவனித்து, சாலையோரப் பக்கமாக இறங்குதல் வேண்டும். அதன்பின் நான்கு செய்திகளைப் பார்க்கவேண்டும்.

முதலாவது, டயர். காற்றுக் கசியும் ஓசை கேட்கிறதா, பக்கச்சுவரில் வெட்டோ கிழிசலோ உள்ளதா என நோக்க வேண்டும். மிகுந்த கவனத்துக்குரியது புடைப்பு. டயரின் பக்கச்சுவருக்குள் நூலிழைகள் நெருக்கமாகப் பதிந்திருக்கும். காற்றின் அழுத்தத்தைத் தாங்குபவை அவையே. கல்லுக்கும் உலோக விளிம்புக்கும் இடையே டயர் நசுங்கும்போது, மேலுள்ள இரப்பர் கிழியாமலே உள்ளிருக்கும் இழைகள் அறுந்துவிடலாம். அப்போது அவ்விடத்தில் காற்று இரப்பரை வெளியே தள்ள, கட்டி போன்ற ஒரு புடைப்பு தோன்றும். இது சில வேளைகளில் உடனே தோன்றாமல், சில நாள்கள் ஓடிய பின்னரே வெளிப்படும். வெளிச்சுவர் மட்டுமன்றி, வண்டிக்கு அடியில் திரும்பியிருக்கும் உட்சுவரையும் பார்ப்பது இன்றியமையாதது.

இரண்டாவது, உலோக வட்டம். ‘ரிம்’ எனப்படும் அதன் விளிம்பு நெளிந்துள்ளதா, விரிசல் உண்டா எனப் பார்க்க வேண்டும். எஃகு வட்டம் பெரும்பாலும் நெளியும். ‘அலாய் வீல்’ எனப்படும் கலப்பு உலோக வட்டம் நெளிவதோடு விரிசலும் காணக்கூடும்.

மூன்றாவது, சக்கரம் நிற்கும் நிலை. சக்கரத்தை நேராக வைத்துவிட்டு, வண்டியின் முன்னே சற்றுத் தொலைவில் நின்று இரு சக்கரங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று செங்குத்தாகவும் மற்றொன்று சாய்ந்தும் நின்றால், உள்ளே ஏதோ வளைந்துள்ளது என்பது தெளிவு. சக்கரத்துக்கும் அதன்மேலுள்ள வளைவுத் தகட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியையும் இடம், வலம் என ஒப்பிடலாம். கண்ணளவு போதாவிடில் விரல்களால் அளந்து பார்க்கலாம்.

நான்காவது, வண்டியின் அடிப்பகுதி. எண்ணெயோ பிற நீர்மங்களோ சொட்டுகின்றனவா, ஏதேனும் ஒரு பகுதி தொங்குகிறதா என நோக்க வேண்டும்.

டயர் காற்றிழந்தாலோ, புடைப்போ விரிசலோ காணப்பட்டாலோ, சக்கரம் சாய்ந்து நின்றாலோ, எண்ணெய் ஒழுகினாலோ வண்டியை ஓட்டிச்செல்லுதல் கூடாது. டயரில் மட்டும் குறை இருப்பின் மாற்றுச் சக்கரத்தைப் பூட்டலாம். சக்கரம் சாய்ந்திருப்பின் வண்டியை ஏற்றிச்செல்லும் ஊர்தியை அழைப்பதே அறிவுடைமை.

தெரியுமா?

மாற்றுச் சக்கரத்தை நம் நாட்டில் ‘ஸ்டெப்னி’ என்கிறோம். இச்சொல் ஒரு தெருவின் பெயரிலிருந்து பிறந்தது. 1904ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் உடன்பிறந்தார் மகிழுந்துகளுக்கான மாற்றுச் சக்கரத்தை உருவாக்கி விற்றனர். அந்தத் தெருவின் பெயரே பொருளின் பெயராகி, கடல்கடந்து வந்து நம் ஊர்ப் பணிமனைகளிலும் நிலைத்துவிட்டது.

இரண்டாம் நிலை: மெல்ல ஓட்டி உணர்தல்

கண்ணுக்குக் குறையொன்றும் புலப்படாவிடில், நெரிசலற்ற சமதளச் சாலையில் மணிக்கு 20 கி.மீ. அளவில் வண்டியை மெல்லச் செலுத்திப் பார்க்கலாம். இந்நிலையில் வண்டி தன் குறையைத் தானே சொல்லத் தொடங்கும். அம்மொழியை அறிந்துகொள்ளுதலே தேவை.

நேர்ச்சாலையில் செல்லும்போது ஸ்டியரிங் வளையம் முன்பு நேராக நின்றதா, இப்போது கோணலாக நிற்கிறதா? கோணலாக நின்றால் இணைதண்டு வளைந்திருக்கலாம். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? சக்கரங்களின் ஒழுங்கமைவு மாறியிருக்கலாம். அல்லது ஒரு டயரில் காற்றுக் குறைந்திருக்கலாம். வேகத் தடையில் ஏறி இறங்கும்போது ‘லொடக்’ என்ற ஓசை கேட்கிறதா? பந்துமூட்டிலோ, தாங்குகையின் இரப்பர் இணைப்பிலோ, அதிர்ச்சி தாங்கியின் மேற்பிடிப்பிலோ தளர்வு ஏற்பட்டிருக்கலாம். வேகம் கூடக்கூட வண்டு முரல்வது போன்ற ஓசை எழுந்து, வண்டி திரும்பும்போது அவ்வோசை மாறுகிறதா? தாங்குருளை பழுதுபட்டிருக்கலாம்.

நெளிந்த உலோக வட்டத்தின் குறி நடுக்கமாகும். மேற்கூறிய 15 அங்குல வட்டமுள்ள சக்கரம் டயருடன் சேர்ந்து ஏறத்தாழ 62 செ.மீ. விட்டமுடையது. அது ஒருமுறை சுழன்றால் வண்டி இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அச்சக்கரம் நொடிக்கு எட்டு முறைக்கு மேல் சுழல்கிறது. சக்கரத்தில் உள்ள ஒரு நெளிவு, நொடிக்கு எட்டு முறைக்கு மேல் சாலையைத் தட்டுகிறது. அதுவே ஓட்டுநரின் கையில் நடுக்கமாக உணரப்படுகிறது. மெதுவாகச் செல்லும்போது இந்நடுக்கம் புலப்படாமல் போகலாம். ஆதலின், மெல்ல ஓட்டிப் பார்த்தது ஒன்றையே கொண்டு, குறையில்லை என்று உறுதி கூறுதல் இயலாது.

மூன்றாம் நிலை: பணிமனை ஆய்வு

பணிமனையில் வண்டியைத் தூக்கிச் சக்கரம் தரையைத் தொடாதவாறு நிறுத்துவர். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் செல்லுதல் கூடாது. உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே செல்லவேண்டும். இவ்விதியை மீறிய கவனக்குறைவு உயிரைப் பறிக்கக் கூடியது.

அதன்பின் தொடங்குவது கைகளின் ஆய்வு. சக்கரத்தைக் கடிகார முகமாகக் கொண்டால், 12 மணி, 6 மணி நிலைகளில் இரு கைகளையும் வைத்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பர். ஆட்டம் தெரிந்தால் பந்துமூட்டையோ தாங்குருளையையோ ஐயுறலாம். பின்னர் 9 மணி, 3 மணி நிலைகளில் பிடித்து அசைப்பர். அப்போது ஆட்டம் தெரிந்தால் இணைதண்டின் மூட்டினை நோக்க வேண்டும். ஒருவர் அசைக்க, மற்றொருவர் மூட்டின்மீது விரல் வைத்து உணர்ந்தால் எங்கிருந்து ஆட்டம் பிறக்கிறது என்பது தெளிவாகும்.

அடுத்துச் சக்கரத்தைச் சுழலவிட்டு, அதன் விளிம்புக்கு மிக அருகில் அசையாத ஒரு கம்பி முனையை நிறுத்திப் பார்ப்பர். சக்கரம் செப்பமாக இருந்தால் கம்பிக்கும் விளிம்புக்கும் இடையேயுள்ள இடைவெளி மாறாது. நெளிந்திருந்தால் அவ்விடைவெளி கூடியும் குறைந்தும் தோன்றும். எளிய இம்முறைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை.

உலோகத்தின் இயல்பை அறிதலும் இங்குப் பயன்படும். எஃகு, தன் எல்லைக்கு மேல் விசை தாக்கும்போது பெரும்பாலும் வளைந்து, தன் துன்பத்தைக் கண்ணுக்குக் காட்டிவிடும். வார்ப்பு உலோகமோ வளையாமல், மயிரிழை போன்ற விரிசலைத் தன்னுள் மறைத்துக்கொள்ளும். அவ்விரிசல் வண்டியின் ஒவ்வோர் அதிர்விலும் சிறிது சிறிதாக வளர்ந்து, ஒருநாள் முறியும். சந்தையில் மண்பானை வாங்குவோர் அதனை விரலால் சுண்டி, எழும் ஓசையைக் கேட்டு வாங்குவர். விரிசலுள்ள பானை மந்தமாக ஒலிக்கும். தொடர்வண்டி நிலையங்களில் பணியாளர் சுத்தியலால் பெட்டிகளின் சக்கரங்களைத் தட்டிப் பார்த்ததும் இதே அறிவின் அடிப்படையில்தான். இன்று விரிசலுக்குள் ஊடுருவும் வண்ணநீர்மத்தைப் பூசிக் கண்ணுக்குத் தெரியாத கீற்றையும் வெளிப்படுத்துகின்றனர்.

அளவு சொல்லும் உண்மை

கையாய்வுக்குப் பின் வருவது கருவியாய்வு. ‘வீல் அலைன்மெண்ட்’ என்னும் சக்கர ஒழுங்கமைவு ஆய்வில் மூன்று கோணங்கள் அளக்கப்படுகின்றன. வண்டியை முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளோ வெளியோ சாய்ந்திருக்கும் அளவு ‘கேம்பர்’. பக்கத்திலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சு முன்னோ பின்னோ சாய்ந்திருக்கும் அளவு ‘காஸ்டர்’. மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்முனைகள் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ நிற்கும் அளவு ‘டோ’.

ஒரு பாகை என்பது மிகச் சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால், ஒரு சக்கரம் தான் செல்லவேண்டிய திசையிலிருந்து ஒரு பாகை விலகி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட்டத்திலும் ஏறத்தாழ 17 மீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படும். சரவணம்பட்டியிலிருந்து நூறு கிலோமீட்டர் சென்று சேர்வதற்குள் அந்த டயர் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் உராய்ந்திருக்கும். புதிய டயரும் விரைவில் ஒரு பக்கம் மட்டும் வழுக்கையாவதன் காரணம் இதுவே.

இங்கே பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. வண்டி ஒரு பக்கம் இழுத்தால், “அலைன்மெண்ட் பார்த்தால் போதும்” என்று கருதுவது அது. ஒழுங்கமைவு என்பது நலமாக உள்ள உறுப்புகளைச் சரியான கோணத்தில் நிறுத்தும் பணி. வளைந்த உறுப்பை அது நிமிர்த்தாது. வளைந்த தாங்குகையை அப்படியே விட்டுவிட்டு, இணைதண்டின் திருகைத் திருப்பி வண்டியை நேராக ஓடச் செய்துவிடலாம். ஆனால், குறை மறையுமேயன்றி நீங்காது. கேம்பர் அளவோ காஸ்டர் அளவோ இடப்பக்கம் ஒன்றாகவும் வலப்பக்கம் வேறாகவும் மிகுதியாக மாறுபட்டு நின்றால், அது வளைந்த உறுப்பின் அறிகுறி. முதலில் உறுப்பை மாற்றி, பிறகே ஒழுங்கமைவு செய்தல் முறையாகும். ஆய்வுக்குப் பின் தரப்படும் அளவுத்தாளைக் கேட்டுப் பெற்று, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உரிமையாளரின் உரிமையும் கடமையும் ஆகும்.

சீர்செய்வதா, மாற்றுவதா?

எல்லாப் பழுதுக்கும் புதிய உறுப்பு தேவையில்லை; எல்லாப் பழுதையும் ஒட்டுப்போட்டுச் சரிசெய்யவும் இயலாது. இவ்வேறுபாட்டை அறிவதே சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும்.

எஃகு வட்டத்தின் விளிம்பில் உள்ள சிறு நெளிவை உரிய கருவியால் நிமிர்த்தலாம். கலப்பு உலோக வட்டத்தின் மேற்பூச்சில் உள்ள கீறல் அழகுக் குறையே, ஆபத்தன்று. ஆனால், விரிசல் கண்ட வட்டத்தைப் பற்றவைத்து மீண்டும் பூட்டுவது தகாது. புடைத்த பக்கச்சுவருக்கு ஒட்டுப் பயன்படாது. அறுந்த இழைகளை எவராலும் மீண்டும் இணைக்க இயலாது. அந்த டயரை மாற்றியே ஆகவேண்டும். வளைந்த தாங்குகையையும் இணைதண்டையும் தட்டி நிமிர்த்தினால் அவை தோற்றத்தில் நேராகலாம். அவற்றின் வலிமை பழைய நிலையை அடையாது.

சக்கரத்தைக் கழற்றிப் பூட்டியபின் அதன் மரைகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். கையேட்டில் குறித்த அளவு இறுக்கமே போதுமானது. ஏறத்தாழ 100 கி.மீ. ஓடியபின் மீண்டும் ஒருமுறை மரைகளையும் டயரின் இருபக்கச் சுவர்களையும் பார்த்துக்கொள்வது நன்று.

பிரித்துப் பார்த்த மரபு

பொருளைப் பயன்படுத்துவதோடு நில்லாமல், அதன் உள்ளமைப்பை அறிய முற்படும் ஆர்வம் கோவை மண்ணில் வேரூன்றியது. கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டில் பிறந்த ஜி.டி. நாயுடு, இளமையில் ஒரு மோட்டார் மிதிவண்டியை விலைக்கு வாங்கி, பிரித்துப் பூட்டி அதன் நுட்பத்தைக் கற்றுக்கொண்டார் என்பது அவரது வாழ்வில் புகழ்பெற்ற செய்தி. 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தைக் கொண்டு தம் போக்குவரத்துத் தொழிலை அவர் தொடங்கினார். அதுவே பெருநிறுவனமாக வளர்ந்தது. பள்ளிக் கல்வியை முழுமையாகப் பெறாத அவர், 1945ஆம் ஆண்டில் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றத் துணைநின்றார். அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை, கோவை அவினாசி சாலையில் பழைய மகிழுந்துகளுக்கான அருங்காட்சியகம் ஒன்றை நடத்திவருகிறது.

இந்தியாவிலிருந்து பார்முலா ஒன் பந்தயத்தில் முதன்முதலாகப் பங்கேற்ற நரேன் கார்த்திகேயனும் கோவையைச் சேர்ந்தவரே. 2005ஆம் ஆண்டில் அவர் அப்பெருமையைப் பெற்றார். பந்தயத் தடங்களின் வளைவுகளிலும் வண்ணம் தீட்டிய ஓரக்கற்கள் உண்டு. வீரர்கள் வேகத்துக்காக அவற்றின்மேல் ஏறிச் செல்வர். ஓட்டம் முடிந்தவுடன் வண்டியின் தாங்கல் அமைப்பு முழுவதும் ஆய்ந்து பார்க்கப்படும். உலகின் மிகத் திறமையான ஓட்டுநர்களே ஓரக்கல்லில் ஏறியபின் வண்டியை ஆய்வுக்கு விடுகின்றனர் என்றால், நாள்தோறும் குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அவ்வாய்வு எவ்வளவு தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சேம அச்சு

இம்முன்னெச்சரிக்கை தமிழர்க்குப் புதியதன்று. புறநானூற்றின் 102ஆம் பாடலில், அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், உப்பு வணிகரின் வண்டியை உவமையாகக் காட்டுகிறார். காளைகளோ இளமையானவை, ஏற்றிய பாரமோ மிகுதி, போகும் வழியில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்பதை யார் அறிவார்? ஆதலால், உமணர்கள் வண்டியின் அடியில் மற்றோர் அச்சினையும் கட்டிவைத்துப் புறப்பட்டனர். அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். சேமம் என்பது பாதுகாவல். நெருக்கடியில் உதவும் தலைவனுக்கு அவ்வச்சினை ஔவையார் உவமை கூறினார்.

அந்த உமணர்களுக்குச் சாலையின் இயல்பும் வண்டியின் இயல்பும் தெரிந்திருந்தன. அச்சு முறிந்தபின் வருந்துவதைவிட, முறியக்கூடும் என்று முன்னரே எண்ணுவது அவர்களது அறிவாக இருந்தது. இன்றைய மகிழுந்தில் சேம அச்சு இல்லை. மாற்றுச் சக்கரம் மட்டுமே உண்டு. அச்சுக்கும் தாங்குகைக்கும் பந்துமூட்டுக்கும் சேமமாக இருப்பது ஓட்டுநரின் கவனமே.

சரவணம்பட்டியின் ஓரக்கல்லில் இடித்த அவ்வண்டி, மறுநாள் காலையில் மலையேறுமுன் பணிமனைக்குச் சென்றிருந்தால், பயணம் அரைநாள் தாழ்ந்திருக்கும். அந்த அரைநாள் இழப்பன்று. 27 வளைவுகளையும் கடந்து ஐவரும் நலமாகத் திரும்புவதற்குச் செலுத்திய சிறு விலை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள வண்டிப் பணிமனை ஒன்றுக்குச் சென்று, சக்கரத்தின் உறுப்புகளுக்கு அங்கே வழங்கும் பெயர்களைத் தொகுத்து, அவற்றுக்கு இணையான தமிழ்ச்சொற்களை எழுதுக.

2. மாட்டுவண்டியின் உறுப்புகளை முதியோரிடம் கேட்டறிந்து, மகிழுந்தின் உறுப்புகளோடு ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.

3. வீட்டில் உள்ள மிதிவண்டியின் சக்கரத்தைச் சுழலவிட்டு, அது நெளிவின்றி ஓடுகிறதா எனக் கம்பி முனையைக் கொண்டு ஆய்ந்து, கண்டதை ஒரு பக்க அளவில் எழுதுக.

4. “ஓடுகிறது என்பதாலேயே நலமாக இருக்கிறது என்று பொருளன்று” – இக்கருத்து வண்டிக்கு மட்டுமன்றி வேறு எவற்றுக்கெல்லாம் பொருந்தும்? வகுப்பறையில் கலந்துரையாடுக.